இரண்டு நாள் நின்றால் கிளம்பாது

மதகுச் சுவரின் மேல் ஓர் அகல் விளக்கு அணைந்திருந்தது.

சுடர்விழி காரை நிறுத்தச் சொன்னாள். காலை பதினொரு மணி. சாலையின் இரு பக்கமும் சம்பாப் பயிர் கதிர் வாங்கி நின்றது. வடக்கிலிருந்து வாடைக் காற்று விடாமல் வீசியது. விளக்கைச் சுற்றி மூன்று செங்கல்லை யாரோ மறைப்பாக வைத்திருந்தார்கள். அது போதவில்லை.

"ஆம்புலன்ஸைத் துப்பறியணும்னு சொன்னீங்க. இப்ப விளக்குலேந்து ஆரம்பிக்கிறீங்க" என்றான் ரஞ்சித். "ஏற்கெனவே நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல நின்னு நின்னு எனக்குத் தாடியே வளந்துருச்சு, மேடம்."

சுடர்விழிக்கு இருபத்தெட்டு வயது. இயற்பியல் பட்டதாரி. ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக மூன்று வருடம் விபத்து வண்டிகளைச் சோதித்துவிட்டு, தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு மாடி அறையில் 'தனியார் துப்பறிவாளர்' என்று பலகை மாட்டியவள். அதிகம் பேசத் தெரியாது. அவள் பேசாததையும் சேர்த்துப் பேசுவதற்கு ரஞ்சித் இருந்தான். வேதாரண்யத்துக்காரன். முப்பத்தைந்து வயது. கடலுக்குப் போவதை விட்டுவிட்டு அவளிடம் வந்து சேர்ந்தவன். அவள் அவனை அண்ணே என்பாள். அவன் அவளை மேடம் என்பான்.

வரப்பிலிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். ஐம்பத்தைந்து இருக்கும். கையில் எண்ணெய் பாட்டில்.

"அணைஞ்சிருச்சா?" என்றாள், யாரையும் பார்க்காமல். "காலையிலேந்து இது மூணாவது தடவ."

"யாருக்கும்மா விளக்கு?" என்று கேட்டாள் சுடர்விழி.

"எம்புள்ளைக்கு. பகலவன். தண்ணி கட்டப் போன எடத்துல பாம்பு கடிச்சிருச்சு. ஆம்புலன்ஸ் கெளம்பல. டிராக்டர்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனோம். இந்த மதகுகிட்ட வரும்போது கைய வுட்டுட்டான்." திரியை நிமிண்டிவிட்டாள். "இன்னியோட பதிமூணு நாளு. பதினாறு வரைக்கும் எரியணும்."

"வீட்டுல வச்சா காத்து அடிக்காதேம்மா" என்றான் ரஞ்சித்.

"உசுரு போன எடத்துலதான தம்பி வைக்கணும்? வீட்டுலயா போச்சு?"

ரஞ்சித் தன் லைட்டரை எடுத்து, இரண்டு கையாலும் மறைத்துத் திரியைப் பற்ற வைத்தான். "எங்க ஊருல கடலுக்குப் போயி வராதவங்களுக்கு எங்க வைக்கிறதுன்னே தெரியாதும்மா. கரையில வச்சிருவோம்" என்றான். அதில் கேலி இல்லை.

அவள் சுடர்விழியை அப்போதுதான் நன்றாகப் பார்த்தாள். "தஞ்சாவூர்லேந்து வர்ற பொண்ணு நீதானா? அந்த வண்டி ஏன் கெளம்பலன்னு எனக்குத் தெரியணும். டிரைவரு வைரக்கண்ணு லைட்டப் போட்டுட்டுத் தூங்கிட்டான்ங்கிறாங்க. அவன் எம்புள்ளையோட ஒண்ணாப் படிச்சவன். எம் வீட்டுல சோறு தின்னவன். அவன் மேல கோவப்படுறதா வேணாமான்னு தெரியாமயே பதிமூணு நாளு போயிருச்சு."

அவள் பெயர் காத்தாயி. அதைக்கூட அவர்கள் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

செங்கழனூர் நூலகத்தின் பக்கத்தில் தகரக் கொட்டகை. உள்ளே வெள்ளை ஆம்புலன்ஸ். கேரளாவில் ஆறு வருடம் ஓடிய வண்டி. ஊர்க்காரர்களும், சிங்கப்பூரில் வேலை செய்யும் பையன்களும் சேர்ந்து சென்ற சித்திரையில் வாங்கினார்கள். பக்கவாட்டில் மலையாள எழுத்தைச் சுரண்டியிருந்தாலும் தடம் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் கமிட்டித் தலைவர் ரெத்தினம் கொட்டகை வாசலில் காத்திருந்தார். அறுபத்தாறு வயது. ஓய்வு பெற்ற அறிவியல் வாத்தியார். இப்போது ஏழு மா நிலத்தில் விவசாயம். கறுப்புச் சட்டை. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். ராகு காலத்தில் கல்யாணம் செய்துகொண்டவர் என்று ஊரே சொல்லும்.

"வாங்கம்மா. வாங்க தம்பி." தூக்குவாளியிலிருந்து டம்ளரில் காபி ஊற்றி நீட்டினார்.

ரஞ்சித் வாங்கிக்கொண்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மெதுவாகச் சொன்னான்: "பாத்தீங்களா மேடம், இடது கையால காபி. கொள்கைன்னா இதுதான். எங்க அம்மாவா இருந்தா டம்ளரோட சேத்துக் கையையும் ஒடிச்சிருக்கும்."

"வாய மூடுங்கண்ணே."

ரெத்தினம் ஒரு கட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். வண்டியின் லாக் புக்குகள், சணலால் கட்டியவை. "இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கூட்டம். வைரக்கண்ண வேலைய விட்டு எடுக்கணும், போலீசுலயும் எழுதிக் குடுக்கணும்னு நெறயப் பேரு சொல்றாங்க. பகலவனுக்கு நாந்தாம்மா பேரு வச்சேன். எனக்கும் கோவம் இருக்கு. ஆனா தெரியாம ஒருத்தன் மேல பழியப் போடக்கூடாது. தப்பு அவனுதுன்னா அவனுதுன்னு சொல்லுங்க. வேற யாருதா இருந்தாலும் சொல்லுங்க. அதுக்குத்தான் உங்களக் கூப்புட்டேன்."

கொட்டகை மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். அவன்தான் வைரக்கண்ணு. முப்பத்தொரு வயதுக்குக் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. சாவியை நீட்டினான்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள் சுடர்விழி.

"காலையில அஞ்சரைக்கு ஓடியாந்து சொன்னாங்க. ரெண்டு நிமிசத்துல வந்துட்டேன். செல்ஃப் அடிச்சேன். டொக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி அடிச்சேன். அதே டொக்கு."

"ஹெட்லைட் போட்டு விட்டிருந்தீங்களா?"

"இல்லைங்க."

"தினம் ஸ்டார்ட் பண்ணிப் பாப்பீங்களா?"

"சும்மா ஓட விட்டு டீசல எரிக்கக் கூடாதுன்னு கமிட்டியில சொல்லிருக்காங்க. தினம் காலையில ஹாரன் மட்டும் அடிப்பேன். மொத நாளு கூட அடிச்சுச்சு."

"ஹாரன் அடிக்கக் கொஞ்சம் போதும்" என்றாள் அவள். "எஞ்சினச் சுத்த நெறய வேணும்."

அவள் பேட்டரி ஒயரில் மீட்டரைப் பொருத்தினாள். கதவுகளை மூடிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தாள். வண்டியில் எல்லாம் அணைந்திருக்கும்போது எவ்வளவு மின்சாரம் கசிகிறது என்று பார்க்கத்தான்.

0.03 ஆம்பியர்.

"இது நெறயவா கம்மியா?" என்றான் ரஞ்சித்.

"ஒண்ணுமில்லாததுக்குச் சமம். இப்படியே விட்டா ரெண்டு மாசம் ஆனாலும் கெளம்பும்."

"அப்ப வண்டி நல்லாருக்கு. டிரைவரு நல்லாருக்காரு. பேட்டரிதான் பொய் சொல்லுது."

பேட்டரி விற்ற மன்னார்குடி மூஸாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் பெரிதாக வந்தது. "பழைய பேட்டரிதான் சரியில்லன்னு பன்னெண்டாம் தேதி புதுசு போட்டுக் குடுத்தேன்மா. நூறு ஆம்பியர் ஹவர். அஞ்சே நாள்ல அதுவும் எறங்கிருச்சு. கொண்டாந்து சார்ஜ் போட்டா கல்லு மாதிரி நிக்கிது. எங்கயோ கசியுதுன்னு மட்டும் தெரிஞ்சுது. எங்கன்னு பாக்க எங்கிட்ட அந்த மீட்டர் இல்ல. அல்லா மேல ஆணையா பேட்டரி நல்ல பேட்டரி."

"பொய் சொல்ற வரிசையில பேட்டரியும் இல்ல" என்றான் ரஞ்சித்.

சுடர்விழி வைரக்கண்ணுவிடம் திரும்பினாள். "வண்டி நிக்கிறப்ப பின்னாடி யாராவது ஏறுவாங்களா? பின் கதவு பூட்டாது போலருக்கே?"

"யாரும் ஏற மாட்டாங்க."

கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. அவன் தரையைப் பார்த்தான். பிறகு கொட்டகைக்கு வெளியே, நூலகத் திண்டில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்த ரெத்தினத்தைப் பார்த்தான். மறுபடியும் தரையை.

"மறைக்கிறாரு" என்றான் ரஞ்சித், அவன் தண்ணீர் குடிக்கப் போனதும். "பின்னாடி ஃபேனப் போட்டுக்கிட்டுப் படுத்திருப்பாரு. கேஸ் முடிஞ்சுது. சாப்புட்டுக் கெளம்பலாமா?"

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து சணலைப் பிரித்தாள். முடிச்சு இல்லை. இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி உள்ளே செருகியிருந்தது. நாற்று முடியைக் கட்டுவது போல. ஒரே இழுப்பில் பிரிந்துவிட்டது. ரஞ்சித் அந்தச் சணலை எடுத்து, பழைய பழக்கத்தில், விரலில் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லாக் புக்கில் வைரக்கண்ணுவின் எழுத்து குண்டு குண்டாக, ஒழுங்காக இருந்தது. ஒவ்வொரு பயணமும். எங்கே, யார், எத்தனை கிலோமீட்டர். அவள் ஒரு காகிதத்தில் தேதிகளை எழுதிக்கொண்டாள்.

டிசம்பர் ஏழு, பேட்டரி டவுன். அதற்கு முந்தைய இரண்டு நாள் வண்டி ஓடவில்லை. பன்னிரண்டு, பேட்டரி டவுன். அதற்கு முன்பும் இரண்டு நாள் ஓய்வு. பதினேழு, பகலவன். அதற்கு முன்பும் இரண்டு நாள்.

"ஒரு நாள் நின்னா கெளம்புது. ரெண்டு நாள் நின்னா கெளம்பல" என்றாள்.

"நம்ம காரும் அப்படித்தான்."

"இங்க பாருங்க. நவம்பர் கடைசியில மூணு நாள் நின்னுருக்கு. டிசம்பர் ஒண்ணாந்தேதி ஒரே செல்ஃப்ல கெளம்பிருக்கு. அப்புறம் இந்த வாரம். இருபத்து மூணு, நாலு, அஞ்சு மூணு நாளும் நின்னுருக்கு. இருபத்தாறு கெளம்பிருக்கு. நடுவுல யாரும் ஒரு ஒயரக்கூடத் தொடல."

ரஞ்சித் யோசித்தான். "அதாவது கோளாறு வந்துச்சு. இருந்துச்சு. போயிருச்சு."

"ஒயர் கோளாறு தானா போகாதுண்ணே. ஒயருக்குத் தேதி தெரியாது." பென்சிலைக் கீழே வைத்தாள். "மனுசங்களுக்குத்தான் தெரியும்."

அவள் டிசம்பர் நான்காம் தேதியின் வரியை மறுபடி படித்தாள். கோளாறு தொடங்குவதற்கு முந்தைய கடைசிப் பயணம். 'ரெங்கம்மாள், 60. தஞ்சாவூர்.' கிலோமீட்டருக்கான இடத்தில் எண் இல்லை. 'வழியில்' என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்கு மேல் எழுத அவனுக்குக் கை வரவில்லை போலிருந்தது. சித்திரையிலிருந்து அந்த வண்டியில் இறந்தவர் அந்த ஒருவர்தான்.

அவளுக்கு மதகு நினைவுக்கு வந்தது.

"நாலாந்தேதியிலேந்து பதினாறு எண்ணுங்கண்ணே."

ரஞ்சித் விரல் விட்டு எண்ணினான். பத்தொன்பதில் நின்றான். சிரிப்பு அவன் முகத்திலிருந்து மெதுவாக இறங்கியது. "உசுரு போன எடத்துல" என்றான்.

வைரக்கண்ணு திரும்பி வந்திருந்தான். ரெங்கம்மாள் யார் என்று அவனைக் கேட்டாள்.

"ரெத்தினம் ஐயா சம்சாரம்ங்க. நெஞ்சு வலி. தஞ்சாவூர் போயிச் சேரல." அவன் அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "ஆனா அவங்க வீட்டுல பதினாறு, கருமாதி அதெல்லாம் கெடயாது. ஏழாம் நாளே படத்தெறப்பு வச்சு முடிச்சிட்டாங்க. வெளக்கு, பூ எதுவும் இல்ல. ஐயா கொள்கை ஊருக்கே தெரியும். அம்மாவுக்குத்தான் சாமி நம்பிக்க. ஐயா ஒரு நாளும் வெளக்கப் பொருத்துனதில்ல."

"போச்சு" என்றான் ரஞ்சித். "இருந்த ஒரே துப்பும் பகுத்தறிவுல அணைஞ்சிருச்சு."

சுடர்விழி எழுந்து பின் கதவைத் திறந்தாள்.

உள்ளே டெட்டால் வாசனை. ஸ்ட்ரெச்சர், துணைக்கு வருபவர் உட்காரும் நீள இருக்கை, தலைமாட்டில் ஆக்சிஜன் சிலிண்டர். சுவரில் ஆறு சுவிட்சுகள். அடியில் ஒட்டியிருந்த பெயர்கள் எல்லாம் தேய்ந்து போயிருந்தன.

"வண்டி மலையாளத்துல பேசுது. நாம தமிழ்ல கேக்குறோம்" என்றான் ரஞ்சித்.

"நீங்க வெளியில நின்னு மீட்டரைப் படிங்க."

அவள் ஒவ்வொன்றாகப் போட்டாள். பெரிய விளக்கு. பளீரென்று எரிந்தது. யாராக இருந்தாலும் பார்த்திருப்பார்கள். மின்விசிறி. சத்தம் கேட்டது. மூன்றும் நான்கும் வேலை செய்யவில்லை. ஐந்தாவதைப் போட்டாள். எதுவும் நடக்கவில்லை போலிருந்தது. பிறகுதான் கவனித்தாள். சிலிண்டருக்குப் பின்னால், தலைமாட்டின் கீழ் ஓரத்தில், பட்டாணி அளவில் ஒரு நீல விளக்கு. பகலில் கண்ணுக்கே படாத வெளிச்சம்.

"இது எவ்வளவுண்ணே?"

"ஒண்ணு புள்ளி நாலு."

"சரியாப் பாருங்க. இது அரை வாட் விளக்கு. பூஜ்யத்துக்கப்புறம்தான் புள்ளி வரணும்."

"கடல்ல ஜிபிஎஸ் படிச்சவன் மேடம் நான். ஒண்ணு புள்ளி நாலு."

அவள் நீள இருக்கையின் பலகையைத் தூக்கினாள். அடியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. தொட்டுப் பார்த்தாள். லேசான சூடு ஏறத் தொடங்கியிருந்தது.

"அது இன்வெர்ட்டருங்க" என்றான் வைரக்கண்ணு கதவருகிலிருந்து. "கேரளாவுல சளி உறிஞ்சற மெஷினுக்கு வச்சிருந்தாங்களாம். இப்ப வேல செய்யாதுன்னு வித்தவரு சொன்னாரு."

"செய்யுது. யாரோ இந்தச் சின்ன விளக்க அது வழியா இழுத்துக் குடுத்திருக்காங்க. விளக்கப் போட்டா அதுவும் முழிச்சுக்கிட்டு கரண்டக் குடிக்குது. சத்தமே இல்லாம." அவள் மனதில் கணக்குப் போட்டாள். இரண்டு நாளும் மூன்று இரவும். நூறில் எண்பது போய்விடும். மிச்சம் இருபது. அன்று காலை வைரக்கண்ணு செல்ஃப் அடித்தபோதும் இந்த நீல விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். அதற்கு அந்த இருபது போதும்.

சிலிண்டரின் பின்னால் கை விட்டுத் துழாவினாள். காய்ந்த ஏதோ ஒன்று விரலில் பட்டது. வெளியே எடுத்தாள்.

டிசம்பர் பூ. ஊதா நிறம் வெளுத்து, காகிதம் போல ஆகியிருந்தது. சரமாகத் தொடுக்காமல் ஒரு பிடி பூவை அப்படியே சேர்த்து, வாழைநாரால் கட்டியிருந்தது. பூ கட்டத் தெரிந்தவர்கள் யாரும் இப்படிக் கட்டமாட்டார்கள். முடிச்சு இல்லை. முறுக்கி, உள்ளே செருகியிருந்தது.

"நாத்து முடி" என்றாள் அவள். "ஆனா இந்தப் பக்கம் வயல்ல எறங்குனவங்க எல்லாருமே இப்படித்தானே கட்டுவாங்க."

ரஞ்சித் பூவைக் கையில் வாங்கினான். கயிறோடு பிறந்து வளர்ந்தவன். முறுக்கை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து லாக் புக் சணலை எடுத்தான். அதன் முறுக்கு இன்னும் முழுதாகப் பிரியவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தான்.

"எல்லாரும் இப்படிக் கட்டுவாங்க மேடம். ஆனா வலது கைக்காரங்க முறுக்குனா புரி இந்தப் பக்கம் சாயும். இது ரெண்டும் அந்தப் பக்கம் சாயுது." பூவை அவளிடம் திருப்பிக் கொடுத்தான். "காலையில நான் காபிய வச்சு ஒரு ஜோக் அடிச்சேன்."

அவள் வைரக்கண்ணுவைப் பார்த்தாள். அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

நாலரை மணிக்கு ரெத்தினம் கொட்டகைக்குள் வந்தார். "என்னம்மா, ஏதாவது தெரிஞ்சுதா? கூட்டத்துக்கு ஆளு வர ஆரம்பிச்சிட்டாங்க."

"உள்ள வந்து உக்காருங்கய்யா."

அவர் ஏறி நீள இருக்கையில் உட்கார்ந்தார். பழகிய இடத்தில் உட்காருகிறவர் போல, ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கமாக. சுடர்விழி கையை நீட்டி ஐந்தாவது சுவிட்சைப் போட்டாள். நீல விளக்கு எரிந்தது.

ரெத்தினம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் கையிலிருந்த பூவைப் பார்த்தார்.

"நீடாமங்கலம் தாண்டினதும் இருட்டிப் போச்சு" என்றார். "ஒண்ணும் தெரியலீங்க, லைட்டப் போடுங்கன்னா. எந்தச் சுவிட்சுன்னு எனக்குத் தெரியல. தடவி ஒண்ணப் போட்டேன். இது எரிஞ்சுது. அவ இதத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. பாத்துக்கிட்டே போயிட்டா." விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அணைக்க மனசு வரலம்மா. பதினாறாம் நாள் அணைச்சேன். ஏன் பதினாறுன்னு கேக்காதீங்க. எனக்கு நம்பிக்க இல்ல. அவ எண்ணியிருப்பா."

"ஐயா, பேட்டரி..."

"அரை வாட் லைட்டும்மா. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர் ஹவர் போகும். பதினாறு நாளைக்குப் பதினாறு. நூறுல பதினாறு போனா வண்டி நிக்காது." அவர் குரல் பாடம் நடத்தும் குரலாக மாறி, பாதியில் உடைந்தது. "வண்டி நின்னப்ப, வேற எங்கயோதான் போவுதுன்னு நெனச்சேன். கணக்கு தப்பா?"

"கணக்கு சரிதான் ஐயா. விளக்குக்கு மட்டும் போட்டிருக்கீங்க."

அவள் பலகையைத் தூக்கிப் பெட்டியைக் காட்டினாள். அறிவியல் வாத்தியாருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெட்டி மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு தெரிந்ததும் எடுத்துவிட்டார்.

"பதினேழாந்தேதி காலையிலயும் இது எரிஞ்சுக்கிட்டா இருந்துச்சு?"

பொய் சொல்லலாமா என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். "ஆமா."

வெளியே மைக் சோதனை செய்யும் சத்தம் கேட்டது. வைரக்கண்ணு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்குத் தெரியும்ங்கய்யா" என்றான். "சாயங்காலமாயிட்டா நீங்க வந்து உள்ள உக்காந்திருப்பீங்க. நான் பாத்துட்டுப் பேசாம கொட்டாய்க் கதவச் சாத்திட்டுப் போயிருவேன்."

"ஏன்டா யாருகிட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்றதுங்க? ஐயா அழுதாங்கன்னா?"

ரெத்தினம் முகத்தைத் துடைக்கவில்லை.

"இன்வெர்ட்டர் ஒயரிங் தப்பு, யார் மேலயும் குத்தமில்லன்னு எழுதித் தர முடியும்" என்றாள் சுடர்விழி. அவள் இப்படி ஒருவரிடம் சொல்வது இதுதான் முதல் முறை. "அது பொய்யில்ல."

"பாதிதாம்மா. பாதியக் கேட்டா இவனுக்குச் சோறு எறங்காது." அவர் கீழே இறங்கினார். இறங்கும் முன் சுவிட்சை அணைத்தார். அந்த விரல் அதிலேயே சற்று நின்றது. "கூட்டத்துக்கு அரை மணி இருக்கு. அதுக்குள்ள ஒரு எடத்துக்குப் போவணும்."

மதகில் காத்தாயி திரியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். வெயில் மஞ்சளாகி, கதிர்களின் மேல் சாய்ந்திருந்தது. ரஞ்சித் காரைத் தள்ளி நிறுத்தினான். சுடர்விழி இறங்கி அங்கேயே நின்றாள். பேச்சு காற்றில் தெளிவாக வந்தது.

ரெத்தினம் செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். இருட்டு, சுவிட்சு, கணக்கு, பெட்டி. எதையும் குறைக்கவில்லை. கடைசியில், "வண்டி நின்னது என்னாலதான் காத்தாயி" என்றார்.

காத்தாயி அவரைப் பார்க்கவில்லை. திரியை ஏற்றிவிட்டுக் கேட்டாள்: "எத்தன நாளு எரிஞ்சுச்சு?"

"பதினாறு."

"ஒரு நாளும் அணையலயா?"

"அணையல."

"எம்புள்ளைக்கு ஒரு நாளைக்கு நாலு தடவ அணையுதுங்கய்யா." அவள் குரல் உயரவில்லை. "நீங்க வச்ச பேரு. பகலவன்."

ரெத்தினம் தலையை ஆட்டினார். ரஞ்சித் காரின் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான்.

காற்று ஒரு முறை ஓங்கி அடித்தது. விளக்கு அணைந்தது. காத்தாயி முந்தானையால் மறைத்துத் தீக்குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் திரி பற்றியது.

"போயி கூட்டத்துல சொல்லுங்க" என்றாள். "அந்த வைரக்கண்ணுப் பய சோறு தின்னு பதிமூணு நாளாச்சு."

"சொல்றேன்."

"சொல்லிட்டு இங்க வாங்க." செங்கல்லுக்கு வடக்கே, வெறுமையாக இருந்த சுவரைக் கையால் தட்டிக் காட்டினாள். "இப்புடி வந்து உக்காருங்க. காத்து இந்தப் பக்கத்துலேந்துதான் வருது. இன்னும் மூணு நாளு இருக்கு."